காலணி, காலுறை, கடிதம்: புனித நிக்கொலாஸ் மரபில் குழந்தைகளின் வழக்காறுகள்

ஆய்வுச் சுருக்கம்

குளிர்கால இரவொன்றில் வந்து குழந்தைகளுக்குப் பரிசளித்துச் செல்வதாகக் கூறப்படும் புனித நிக்கொலாஸின் வரலாறு, பெரும்பாலும் அவரது உருவ மாற்றத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை உருவத்தை விடுத்து, அவரை எதிர்நோக்கிக் குழந்தைகள் செய்யும் செயல்களை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. நெதர்லாந்தின் காலணி, நியூயார்க்கின் காலுறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய கடிதம் ஆகிய மூன்றும், குடும்பத்தில் குழந்தைக்கு இருந்த நிலை எவ்வாறு மாறியது என்பதைக் காட்டும் சான்றுகளாகின்றன. தீர்ப்புக்குக் காத்திருந்த குழந்தை, விண்ணப்பிக்கும் குழந்தையாக மாறியது என்பதும், இவ்வழக்காற்றைக் காத்துக் கடத்தியதில் கமுக்கத்தை அறிந்துகொண்ட மூத்த குழந்தைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: புனித நிக்கொலாஸ், சின்டர்கிளாஸ், சாண்டா கிளாஸ், குழந்தை வழக்காறு, சீர்திருத்தச் சபை, யான் ஸ்டேன், லெவி-ஸ்ட்ராஸ்

முன்னுரை

பரிசு கொணரும் இம்முதியவரைப் பிரெஞ்சு மொழியினர் 'தந்தை' என்று அழைக்கின்றனர். ஆங்கிலேயரும் அவ்வாறே அழைத்தனர். தமிழ் வழக்கு அவரைக் 'கிறிஸ்துமஸ் தாத்தா' என்றும் 'நத்தார் தாத்தா' என்றும் உறவுமுறையில் ஒரு தலைமுறை பின்னே நிறுத்தியது. கண்டிக்கும் கடமை தந்தைக்கும் கொடுக்கும் உரிமை தாத்தாவுக்கும் உரியன எனக் கொள்ளும் குடும்ப அமைப்பில் இப்பெயர் இயல்பாகப் பொருந்தியது. ஆயினும் தமிழுக்கு அவர் வந்து சேர்ந்தபோது அவரது கையிலிருந்த தண்டனைக் கருவி முன்னரே நீங்கியிருந்தது. அக்கருவி எப்போது, ஏன் நீங்கியது என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் நிக்கொலாஸின் தோற்றம், உடை, ஊர்தி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயர் கோலம் குள்ள உருவாகி, பின்னர்ப் பருத்த முதியவராகிய வரலாறு நன்கு அறியப்பட்டதே. ஆனால் உருவம் பெரியோரின் படைப்பு. ஓவியரும் கவிஞரும் வணிகரும் அதனைத் தம் காலத்துக்கேற்ப மாற்றினர். குழந்தையின் பங்கு வேறு. உறங்குமுன் கணப்படுப்பின் அருகே ஒரு வெற்றுக் கலத்தை வைத்துவிட்டு விடியலில் அதனைப் பார்ப்பது அது. உருவம் எத்தனை முறை மாறினும் இச்செயல் நீடித்தது. மாறியபோதும் தனக்குரிய காரணங்களால் மாறியது. ஆகவே இதனைத் தனியே நோக்குதல் வேண்டும்.

தொன்மத்தின் அமைப்பு

நிக்கொலாஸ், இன்றைய துருக்கியின் தென்கரையிலுள்ள மைராவில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் என மரபு கூறுகிறது. 1087இல் அவருடைய எச்சங்கள் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னர், மேற்கு ஐரோப்பாவில் அவர் வழிபாடு விரைந்து பரவியது. மாலுமிகள், வணிகர்கள், மாணவர்கள், குழந்தைகள் ஆகியோரின் பாதுகாவலராக அவர் கருதப்பட்டார். டிசம்பர் 6 அவரது திருநாள்.

அவரைப் பற்றிய கதைகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. வறுமையால் மூன்று பெண்மக்களுக்கும் மணம் முடிக்க இயலாத தந்தை ஒருவரின் வீட்டினுள், இரவில் எவரும் அறியாமல் நிக்கொலாஸ் பொன்னை எறிந்தார் என்பது ஒன்று. கொல்லப்பட்டு உப்பிலிடப்பட்ட மூன்று சிறுவர்களை அவர் உயிர்ப்பித்தார் என்பது மற்றொன்று. முன்னதில் கொடையின் இலக்கணம் தெளிவாக அமைந்துள்ளது: கொடுப்பவர் உறவினர் அல்லர், பெறுபவர் வறியவர், கொடை இரவில், மறைவில் நிகழ்கிறது. இம்மூன்றனுள் இரவும் மறைவும் மட்டுமே பின்வந்த வீட்டு வழக்காற்றில் நிலைத்தன. அயலாரின் இடத்தைப் பெற்றோரும், வறியவரின் இடத்தைச் சொந்தக் குழந்தையும் பெற்றனர்.

வீட்டு வழக்காறு வலுப்பெறுவதற்கு முன்னர், இத்திருநாள் குழந்தைகளுக்குப் பொதுவெளியில் ஓர் இடம் தந்திருந்தது. இடைக்கால இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும், பாடகர் குழுச் சிறுவன் ஒருவன் 'சிறுவர் ஆயர்' எனத் தேர்ந்தெடுக்கப்படுவது வழக்கம். நிக்கொலாஸ் திருநாளிலிருந்து டிசம்பர் 28ஆம் நாளாகிய மாசில்லாக் குழந்தைகள் விழா வரையுள்ள காலத்தில் அவன் ஆயரின் உடையணிந்து ஊர்வலம் சென்றான், மறையுரை ஆற்றினான், காணிக்கையும் பெற்றான். ஆண்டில் சில நாள் சிறியோர் பெரியோரின் இருக்கையில் அமரும் தலைகீழ் ஒழுங்கு இது. எட்டாம் ஹென்றி மன்னர் 1541இல் பிறப்பித்த அறிவிப்பு இதனைத் தடைசெய்தது. மேரி அரசியின் காலத்தில் மீண்டும் தலையெடுத்த இவ்வழக்கம் எலிசபெத் அரசியின் காலத்தில் மறைந்தது. பொதுவெளியில் நிகழ்ந்த சடங்கை ஓர் ஆணையால் நிறுத்த முடிந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தடையும் கணப்படுப்பும்

சீர்திருத்த இயக்கம் புனிதர் வழிபாட்டை மறுத்தது. ஜெர்மன் நிலப்பகுதிகளில் லூத்தரின் வழிவந்தோர், பரிசளிக்கும் பணியை நிக்கொலாஸிடமிருந்து குழந்தை இயேசுவுக்கும், டிசம்பர் 6இலிருந்து கிறிஸ்து பிறப்பு நாளுக்கும் மாற்ற முயன்றனர். நெதர்லாந்தில் சீர்திருத்தச் சபையின் செல்வாக்குக்குட்பட்ட நகர மன்றங்கள் நேரடித் தடையை நாடின. 17ஆம் நூற்றாண்டில் டெல்ஃப்ட், ஆர்ன்ஹெம், ஆம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களில் இத்தகைய ஆணைகள் பிறந்தன. நிக்கொலாஸ் திருநாளில் பொம்மைகளையும் மனித உருவில் சுட்ட தின்பண்டங்களையும் கடைவிரித்து விற்பதை ஆம்ஸ்டர்டாம் மன்றம் 1663இல் தடைசெய்தது.

இவ்வாணைகளின் இலக்கு எது என்பது நோக்கத்தக்கது. அவை கடைத்தெருவையும் உருவங்களையும் குறிவைத்தன. வீட்டினுள் கணப்படுப்பின் அருகே குழந்தை கழற்றி வைத்த காலணியை அவை எட்டவில்லை. காலணி வைப்பதற்குக் கோயில் வேண்டா, குரு வேண்டா, படிமமும் வேண்டா. நாள்தோறும் அணியும் பொருளே அன்றிரவு சடங்குப் பொருளாகிறது. மறுநாள் மீண்டும் அது வெறும் காலணி. தடுப்பதற்குரிய புறத்தோற்றம் ஏதும் அற்ற இவ்வெளிமையே வழக்காற்றைக் காத்தது. சிறுவர் ஆயர் மறைந்ததற்கும் காலணி நிலைத்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

இதற்கு வலுவான சான்று யான் ஸ்டேன் வரைந்த 'புனித நிக்கொலாஸ் திருநாள்' என்னும் ஓவியம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள இது 1665க்கும் 1668க்கும் இடையில் வரையப்பட்டதெனக் கணிக்கப்படுகிறது. ஸ்டேன் கத்தோலிக்கர், அக்காலத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அண்மையிலுள்ள ஹார்லெமில் வாழ்ந்தவர். ஆம்ஸ்டர்டாம் ஆணை பிறந்த சில ஆண்டுகளுக்குள் தீட்டப்பட்ட இவ்வோவியத்தில் குழந்தையொன்றின் கையில் நிக்கொலாஸ் உருவில் சுட்ட தின்பண்டம் காணப்படுகிறது. சிறுமி ஒருத்தி புனித திருமுழுக்கு யோவானின் உருவிலமைந்த பொம்மையை மார்போடு அணைத்துள்ளாள். சந்தையில் விலக்கப்பட்டவை வீட்டினுள் மகிழ்வுடன் கையாளப்படுகின்றன.

ஓவியத்தின் மற்றொரு பக்கம் இதனினும் முதன்மையானது. பையன் ஒருவன் கண்ணைக் கசக்கி அழுகிறான். அவனுக்குப் பின்னால் நிற்பவள் உயர்த்திப் பிடித்த காலணியில் இனிப்பு இல்லை, விளார்க்கட்டு இருக்கிறது. பின்புறத்தில் மூதாட்டி திரைச்சீலையருகே நின்று அவனை விரலசைத்து அழைக்கிறாள். அவனுக்கும் ஏதோ ஒளித்து வைக்கப்பட்டுள்ளது போலும். வலப்புறத்தில், கைக்குழந்தையை ஏந்திய மூத்த சிறுவன் புகைபோக்கியைச் சுட்டிக்காட்ட, அருகிலுள்ள சிறுவன் வாய்திறந்து மேலே பார்க்கிறான்.

இக்காட்சியில் குழந்தைகள் மூன்று நிலைகளில் உள்ளனர். பரிசால் மகிழ்பவள் ஒருத்தி. தீர்ப்பால் அழுபவன் ஒருவன். புகைபோக்கியைக் காட்டிக் கதை சொல்பவன் ஒருவன். காலணி பரிசைப் பெறும் கலம் மட்டுமன்று. ஓராண்டின் நடத்தைக்குரிய தீர்ப்பையும் ஏந்தி வருவது. குழந்தை இங்கு எதையும் கேட்பதில்லை. தனக்குரியது இனிப்போ விளாரோ என்பதை விடியும் வரை அறியாமல் காத்திருக்கிறது. குதிரைக்கென வைக்கோலும் கேரட்டும் வைத்துப் பாடுவதே அது செய்யக்கூடியது. வரவிருக்கும் தீர்ப்பாளரின் ஊர்திக்கு உணவிட்டு அவரை மகிழ்விக்கும் முயற்சி எனவும் இதனைக் கொள்ளலாம்.

நியூயார்க்கும் காலுறையும்

டச்சுக் குடியேறிகள் 17ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழக்காற்றை நியூயார்க்குக்குக் கொண்டுசென்றனர் என்பது பரவலான கருத்து. சார்லஸ் டபிள்யூ. ஜோன்ஸ் 1954இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை மறுத்தார். டச்சு ஆட்சிக்கால ஆவணங்களில் இதற்குப் போதிய சான்று இல்லை எனவும், வாஷிங்டன் இர்விங் 1809இல் வெளியிட்ட நியூயார்க் பற்றிய அங்கத வரலாற்று நூலே இம்மரபை உருவாக்கியது எனவும் அவர் வாதிட்டார். 1773ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரச் செய்தித்தாள் ஒன்று நிக்கொலாஸ் நாள் கொண்டாட்டத்தைக் குறிப்பிடுவது உண்மையே. எனினும் அது பெரியோர் கூடிய கூட்டம். குழந்தைகளின் வழக்காற்றுக்கு அது சான்றாகாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை தெளிவான சான்று 1810இல் கிடைக்கிறது. நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் பின்டார்ட், அவ்வாண்டு டிசம்பர் 6இல் நடந்த விருந்துக்காக அலெக்சாண்டர் ஆண்டர்சனைக் கொண்டு மரச்செதுக்குப் படம் ஒன்றை அச்சிட்டார். ஒருபுறம் ஆயர் கோலத்தில் நிக்கொலாஸ்; மறுபுறம் காலுறைகள் தொங்கும் கணப்படுப்பு; பரிசு பெற்று மகிழும் சிறுமி; அழும் சிறுவன். காலணி காலுறையாகியதேயன்றி ஸ்டேன் காட்டிய தீர்ப்பு இங்கும் தொடர்கிறது. 1821இல் வெளியான 'குழந்தைகளின் நண்பன்' என்னும் சிறுநூலில் அவர் கலைமான் இழுக்கும் வண்டியில் வருகிறார். வரும் நாளும் கிறிஸ்துமஸ் முன்னிரவாகிவிட்டது. விளார் மட்டும் அதிலும் எஞ்சியுள்ளது.

1823 டிசம்பர் 23இல் டிராய் நகரின் 'சென்டினல்' இதழில் பெயரின்றி ஒரு கவிதை வெளிவந்தது. கிளமெண்ட் கிளார்க் மூர் பின்னர் அதனைத் தம் தொகுப்பில் சேர்த்தார்; ஆசிரியர் யார் என்பது பற்றி இன்றும் விவாதம் உண்டு. அக்கவிதையில் வருபவர் ஆயர் அல்லர். சிறிய, உருண்ட, நகைமுகக் குள்ளர். அவரிடம் விளார் இல்லை. எல்லாக் காலுறைகளும் நிரம்புகின்றன. 1810க்கும் 1823க்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் தீர்ப்பு, குறைந்தது இலக்கியத்திலாவது, கைவிடப்பட்டது.

இம்மாற்றத்தின் சமூகப் பின்னணியை ஸ்டீபன் நிசன்பாம் 1996இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். அக்கால நியூயார்க்கில் கிறிஸ்துமஸ் காலம் தெருக்களின் காலமாக இருந்தது. உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த இளைஞர் ஆரவாரத்துடன் திரிந்து, செல்வர் வீட்டு வாயிலில் மதுவும் உணவும் காசும் கேட்டுப் பெறுவது பழைய உரிமை. நகரம் பெருகி முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த நேர்முக உறவு தளர்ந்தபோது, இவ்வுரிமை மேட்டுக்குடியினர்க்கு அச்சுறுத்தலாகத் தோன்றியது. அவர்கள் விழாவை வீட்டினுள் அழைத்துக்கொண்டனர். வாயிலில் நின்று பெற்றவரின் இடத்தில் சொந்தக் குழந்தையை நிறுத்தினர். இவ்விளக்கத்தை ஏற்பின், விளார் மறைந்ததற்கும் காரணம் புலப்படும். கொடுக்கும் இன்பத்துக்காகவே குழந்தை மையத்தில் நிறுத்தப்பட்டபோது தண்டனைக்கு அங்கு இடமில்லாது போயிற்று. குழந்தைக்குக் கிட்டிய இவ்வுயர்வு வாயிலில் நின்றவரின் இழப்போடு சேர்ந்தே நிகழ்ந்தது.

கடிதம்

தீர்ப்பு தளர்ந்த இடத்தில் விண்ணப்பம் தோன்றியது. அது முதலிலேயே குழந்தையின் குரலாக அமைந்துவிடவில்லை. தாமஸ் நாஸ்ட் 1871இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழுக்கு வரைந்த படத்தில், சாண்டா கிளாஸ் மேசையருகே அமர்ந்து அஞ்சல்களைப் பார்க்கிறார். அவர் முன்னுள்ள இரு குவியல்களுள் ஒன்று நல்ல குழந்தைகளின் பெற்றோர் எழுதியது. மற்றொன்று குறும்புக் குழந்தைகளின் பெற்றோர் எழுதியது. குழந்தையைப் பற்றிப் பெற்றோர் எழுதும் நடத்தைச் சான்றிதழாகவே கடிதம் அங்குக் காட்டப்படுகிறது. விளார் போயினும் தீர்ப்பின் எச்சம் இவ்விரு குவியல்களில் தங்கியிருந்தது.

அடுத்த சில பத்தாண்டுகளில் குழந்தைகளே எழுதத் தொடங்கினர். செய்தித்தாள்களும் அக்கடிதங்களை அச்சிட்டன. பள்ளிக் கல்வியின் பரவலும் மலிவான அஞ்சலும் இதற்குத் துணைநின்றன. காலணியும் காலுறையும் பேசா, கடிதம் பேசும். தான் விரும்புவது இன்னது எனக் குழந்தை முதன்முறையாகப் பெயரிட்டுக் கேட்டது. கேட்பது விரைவில் வினவுவதாகவும் வளர்ந்தது. 1897இல் வர்ஜீனியா ஓ'ஹான்லன் என்னும் எட்டு வயதுச் சிறுமி 'நியூயார்க் சன்' நாளிதழுக்கு எழுதியது பரிசு கேட்கும் விண்ணப்பம் அன்று. அவர் உண்மையில் உள்ளாரா என்னும் வினா. செப்டம்பர் 21இல் வெளிவந்த தலையங்க மறுமொழியை எழுதியவர் பிரான்சிஸ் பார்செல்லஸ் சர்ச். மறுமொழியே பெரும்புகழ் பெற்றது. வரலாற்று நோக்கில் வினாவே புதியது: தீர்ப்புக்குக் காத்திருந்த குழந்தை தீர்ப்பாளர் இருக்கிறாரா எனக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

முகவரியற்ற இக்கடிதங்கள் அஞ்சல் துறைக்குச் சிக்கலாயின. உரியவரைச் சேரா அஞ்சல்களோடு அவையும் குவிந்தன. 1912இல் அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் பிராங்க் ஹிட்ச்காக், அஞ்சல் ஊழியரும் பொதுமக்களும் அவற்றைப் படித்து மறுமொழி அளிக்க இசைவளித்தார். பிரான்சில் 1962இல் அமைச்சர் ஜாக் மாரெத் மறுமொழிப் பணியகம் ஒன்றைத் தொடங்கினார். முதல் மறுமொழியை எழுதியவர் அவருடைய தமக்கையும் உளப்பகுப்பாய்வாளருமான பிரான்சுவாஸ் டோல்ட்டோ. குழந்தையின் கடிதத்துக்கு மறுமொழி அளிப்பது அரசுப் பணிகளுள் ஒன்றாயிற்று.

அமெரிக்க இசைவின் விளைவு ஆழமானது. வறிய குழந்தை எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்த முன்பின் அறியாத ஒருவர் பரிசு அனுப்பினார். கொடுப்பவர் உறவினர் அல்லர், பெறுபவர் வறியவர், கொடை மறைவில் நிகழ்கிறது. மூன்று பெண்மக்களின் கதையிலிருந்த கொடையின் இலக்கணம், வீட்டினுள் அடைபட்ட பின்னர், அஞ்சல் அலுவலகத்தின் வழியே மீண்டும் வெளிவந்தது.

அறிந்தோரும் அறியாதோரும்

1951 டிசம்பர் 23இல் பிரான்சின் டிஜோன் நகரப் பேராலயத்தின் முன், ஞாயிறு மறைக்கல்வி மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர் கண்முன் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவம் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டது. விழாவை அவர் சமயத்திலிருந்து விலக்குகிறார் என்பது குருமாரின் குற்றச்சாட்டு. மறுநாள் மாலையில் அதே நகரின் மன்றக் கட்டடக் கூரைமீது அவர் மீண்டும் தோன்றினார். இந்நிகழ்வை முன்வைத்துக் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1952இல் எழுதிய கட்டுரை, இந்நம்பிக்கையைச் சடங்கேற்பு மரபுகளோடு ஒப்பிட்டது. கமுக்கத்தை அறிந்த பெரியோர், அறியாத சிறியோர் என்னும் பிரிவே இவ்வழக்காற்றின் அடிப்படை என்பது அவர் கருத்து.

இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும் இரு பிரிவினர்க்கும் இடையில் மூன்றாம் நிலையினர் உளர் என்பதை ஸ்டேனின் ஓவியம் உணர்த்துகிறது. புகைபோக்கியைச் சுட்டிக்காட்டும் மூத்த சிறுவன் பெரியோன் அல்லன். அறியாதவனும் அல்லன் எனக் கொள்ள இடமுண்டு. நேற்றுவரை நம்பியவன் இன்று நம்பவைக்கிறான். கமுக்கத்தை அறிந்த குழந்தை அதனை உடைப்பதைவிடத் தம்பி தங்கையர்க்காகக் காப்பதையே பெரிதும் விரும்புகிறது. காப்பதன் வழியாகவே பெரியோர் உலகில் நுழைகிறது. நெதர்லாந்தில் டிசம்பர் 5 மாலையில் பரிசுகளோடு சின்டர்கிளாஸின் பெயரால் அங்கதப் பாக்கள் எழுதிப் படிக்கும் வழக்கம் இந்நிலைக்கு ஒரு வடிவம் தந்துள்ளது. பெறுபவராக இருந்தவர் அவர் பெயரில் எழுதுபவராகிறார். ஆணைகளும் எரிப்புகளும் இவ்வழக்காற்றை அழிக்க இயலாமற் போனமைக்கு இக்கைமாற்றம் முதன்மைக் காரணமாகலாம்.

இதே மரபு ஒரு கேட்டையும் கைமாற்றியது. ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் யான் ஸ்கெங்க்மன் 1850இல் வெளியிட்ட குழந்தை நூல், நிக்கொலாஸை ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வரவழைத்தது; கறுப்பினப் பணியாள் ஒருவரையும் உடன் சேர்த்தது. டச்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1863க்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தைய நூல் அது. 'ஸ்வார்ட்டே பீட்' எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அப்பணியாள், குறும்புக் குழந்தைகளைச் சாக்கிலிட்டுச் செல்பவராகவும் விளார் ஏந்துபவராகவும் ஆனார். நிக்கொலாஸின் கை தூய்மையாக இருக்கத் தண்டனை கறுப்பினத்தவரின் கைக்கு மாற்றப்பட்டது. வெள்ளையர் முகத்தில் கருமை பூசி நடித்த இவ்வுருவத்தை எதிர்த்து 2011இல் டோர்ட்ரெக்ட் நகரில் அறவழியில் நின்ற கலைஞர்கள் கைது செய்யப்பட்டனர். அதன் பின்னர் விவாதம் வலுத்தது. 2019இல் தேசியத் தொலைக்காட்சியின் வருகை விழா, முகத்தில் புகைக்கரிக் கீற்று மட்டும் தீட்டிய பணியாளர்களுக்கு மாறியது. 2020இல் பிரதமர் மார்க் ருட்டே, இவ்வுருவம் பற்றிய தம் கருத்து மாறியுள்ளதாக வெளிப்படையாகக் கூறினார்.

மாற்றத்தை எதிர்த்தோர் இதனைத் தொன்மையான குழந்தை மரபு என வாதிட்டனர். இங்குத் தொகுக்கப்பட்ட சான்றுகள் அவ்வாதத்தைத் தாங்கவில்லை. தொன்மையானது காலணி; பணியாளர் உருவம் 19ஆம் நூற்றாண்டின் அச்சுநூல் ஒன்றால் பரவியது. குழந்தை காலணி வைப்பதற்கு அவ்வுருவம் தேவைப்பட்டதே இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பரிசு கொணர்பவரின் உருவம் பெரியோரின் தேவைக்கேற்ப மாறியது. வெற்றுக்கலத்தை வைத்துக் காத்திருக்கும் குழந்தையின் செயல் அம்மாற்றங்களைக் கடந்து நீடித்தது. இரண்டாவது, அக்கலம் காலணியிலிருந்து கடிதமாகிய வரலாறு, குழந்தையின் நிலை தீர்ப்பிலிருந்து விண்ணப்பத்துக்கும் வினாவுக்கும் மாறிய வரலாறாகும். மூன்றாவது, வழக்காற்றின் தொடர்ச்சி நம்பும் குழந்தையை மட்டுமன்றி, அறிந்தும் காக்கும் குழந்தையையும் சார்ந்துள்ளது.

குழந்தை வழக்காறுகளை ஆராய்வோர் 'மரபு' என வழங்கப்படும் ஒன்றனுள் குழந்தை செய்வது எது, குழந்தையின் பெயரால் பெரியோர் சேர்த்தது எது எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது. முன்னது பெரும்பாலும் எளியது, நெடிது நிலைப்பது. பின்னது அண்மையது, மாற்றத்தக்கது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போதே பெரியோரின் முற்சாய்வுகள் குழந்தையின் மகிழ்ச்சிக்குப் பின்னால் பாதுகாப்புத் தேடுகின்றன.